மூன்று கொடிகளின் கீழே ஒரு பிரபு

நாட்டுக்காக வாளெடுத்தான், மன்னனுக்காக மார்பு காட்டினான், மதத்துக்காக மாற்றானை வீழ்த்தினான் என்றே படைத்தலைவர்களைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் பாடுகின்றன. அதை மாணவர்க்குச் சொல்லிக் கொடுப்பதே நமது தொழில், சொல்லித்தான் வருகிறோம். சொல்லும்போதெல்லாம் ஒரு பிரெஞ்சுப் பிரபு நம் நினைவிலே வந்து நின்று நகைக்கிறார். நாடு, மன்னன், மதம் மூன்றையும் சட்டைபோல் மாற்றிக் கொண்டவர் அவர்!

கிளாட் அலெக்சாந்தர் தெ போன்வால் என்பது பெயர். 1675-இல் பிரான்சின் லிமூசின் பகுதியில், பழம்பெருமை பேசும் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே கடற்படை, பிறகு தரைப்படை. ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் பதினான்காம் லூயிக்காக இத்தாலியில் போரிட்டுப் புகழும் பெற்றார். புகழோடு திமிரும் வளர்ந்தது. போர் மந்திரி ஷாமிலாருடன் பகை மூண்டது. மந்திரியை மதியாது பேசியதற்கு விசாரணை, விசாரணைக்குப் பின் மரண தண்டனை! ஆளோ அகப்படவில்லை, எல்லை கடந்துவிட்டார்.

கடந்து எங்கே போனார்? எதிரியின் பாசறைக்கு! ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் தளபதி, சவாய் இளவரசர் யூஜின், அவரை வரவேற்று மேஜர் ஜெனரல் பதவி தந்தார். யூஜினே பாரிசில் பிறந்தவர். 1683-இல் லூயி மன்னன் படையில் இடம் மறுத்ததால் வியன்னா சென்று பேர் பெற்றவர். 1706-இல் துரின் நகருக்கு வெளியே நடந்த போரில் பிரெஞ்சுப் படையைச் சிதறடித்த அணியில் போன்வாலும் இருந்தார். நேற்று வரை தோழர்கள், இன்று குறிகள்.

நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். அதே நாளில், பசி பொறுக்காமல் பிரெஞ்சுப் படையை விட்டு ஓடிய உழவன் மகன் ஒருவன் பிடிபட்டிருந்தால், அவனுக்குக் கிடைப்பது ஆயுள் முழுதும் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. பிரபு ஓடினால் பதவி! 1717-இல் போன்வால் பாரிசுக்குத் திரும்பியபோது பழைய குற்றத்துக்கு மன்னிப்பும் கிடைத்தது, உயர்குடிப் பெண்ணோடு திருமணமும் நடந்தது. மணமான சில நாட்களிலேயே மனைவியை விட்டுவிட்டுப் போர்க்களம் போனவர் அவளிடம் திரும்பி வரவேயில்லை. வீரத்தைப் பாடுவோர் இந்தப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகிறார்கள்.

வீரம் இல்லையென்று நாம் சொல்லவில்லை. 1716 ஆகஸ்டில் பீட்டர்வார்டைன் களத்தில் துருக்கியரின் ஜானிசரிப் படை சூழ்ந்து நிற்க, சிறு கூட்டத்துடன் எதிர்த்து நின்று வயிற்றிலே ஈட்டிக் காயம் பட்டார். மறு ஆண்டு பெல்கிரேடு கோட்டை வீழ்ந்தது. கிறிஸ்தவத்தின் வெற்றி என்று ஐரோப்பா கொண்டாடிற்று. அந்த வெற்றியில் போன்வாலின் பங்கும் பேசப்பட்டது.

அடுத்து பிரஸ்ஸல்ஸ். 1724-இல் ஸ்பெயின் அரசியைப் பற்றிய வம்புப் பேச்சு ஒன்றை முன்னிட்டு, அங்கே யூஜினின் பிரதிநிதியாக ஆண்ட பிரியே பிரபுவோடு சச்சரவு. மீண்டும் விசாரணை, மீண்டும் மரண தண்டனை! சக்கரவர்த்தி அதை ஓராண்டுச் சிறையாகக் குறைத்து நாடு கடத்தினார்.

இரண்டு பேரரசுகளில் மரண தண்டனை பெற்றவருக்கு எஞ்சியிருந்தது மூன்றாவது பேரரசு. 1729-இல் போஸ்னியா சென்றார். ஆஸ்திரியா தன்னைத் திருப்பிக் கேட்கும் என்ற அச்சம் இருந்தது. இசுலாமியராகிவிட்டால் சுல்தான் ஒப்படைக்கமாட்டார். ஆகவே 1730-இல் மதம் மாறி, அகமது ஆனார். வேதம் படித்தா, வாதம் கேட்டா மாறினார்? கழுத்தைத் தொட்டுப் பார்த்துக் கொண்டு மாறினார்! பெல்கிரேடைப் பிடித்தபோது கிறிஸ்து, பிழைக்க வேண்டியபோது அல்லா. கடவுள்களின் பெயரால் படை திரட்டிய மன்னர்களும் இதைவிட ஆழமாக நம்பினார்கள் என்பதற்கு நமக்குச் சான்று கிடைக்கவில்லை.

1745-இல் அவரைக் கண்ட வெனிஸ்காரர் காசனோவா சுவையான செய்தி ஒன்று எழுதிவைத்தார். பாஷாவின் நூலகத்தில் கம்பிக் கதவிட்ட அலமாரிகள். திறந்தால் உள்ளே புத்தகங்கள் இல்லை, மதுப்புட்டிகள்!

இருந்தாலும் அந்த மனிதர் துருக்கிக்குச் செய்த வேலை வெறும் கூலிவேலையன்று. 1731-இல் பிரதம வசீர் தோபால் ஒஸ்மான் பாஷா அவரை இஸ்தான்புல்லுக்கு அழைத்தார். வெடிகுண்டு பீரங்கிப் படையைப் புதுமுறையில் சீரமைக்கும் பொறுப்பு தரப்பட்டது. 1735-இல் இரண்டு குதிரைவால் சின்னம் பெற்ற பாஷா ஆனார். குண்டு எங்கே விழும் என்பதைத் தொழுகை சொல்லாது, கணக்குத்தான் சொல்லும். அதனால் 1734-இல் உஸ்குதாரில் வடிவியல் கற்பிக்கும் பள்ளி ஒன்று எழுந்தது. கோணமும் வட்டமும் கற்றுக்கொண்ட வீரர்கள்! பழைய முறையிலேயே பிழைப்பு நடத்திய ஜானிசரிகளுக்கு அது பிடிக்குமா? பிடிக்கவில்லை.

1739-இல் பெல்கிரேடு உடன்படிக்கை ஏற்பட்டது. 1717-இல் ஆஸ்திரியாவுக்காக எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போன்வால் போரிட்டாரோ, அதே கோட்டை துருக்கியர் கைக்கே மீண்டது. அப்போது அவர் துருக்கியர் பக்கம். இரு முறையும் மண்ணுக்குள் போன சிப்பாய்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

1747-இல் இஸ்தான்புல்லிலேயே இறந்தார். பள்ளியும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1773-இல் கடற்படைப் பொறியியல் பள்ளி ஒன்றைச் சுல்தானின் அரசு புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. இன்றைய இஸ்தான்புல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அந்த ஆண்டையே தன் பிறப்பாண்டாகக் கொண்டிருக்கிறது.