இங்கிலாந்தில் நாயுடன் நாட்டுப்புற நடை

நாயுடன் நாட்டுப்புற நடை என்பது குன்றுகள், காடுகள், மேய்ச்சல் நிலங்கள் வழியே வளர்ப்பு நாயை உடன் அழைத்துச் செல்லும் நடைப்பயணம் ஆகும். இங்கிலாந்தில் இது பரவலான பொழுதுபோக்கு. அங்குள்ள பொது நடைபாதைகள் பல தனியார் பண்ணைகளின் ஊடாகவே செல்கின்றன. எனவே நாயை எங்கே அவிழ்த்துவிடலாம் என்பது முக்கியமான கேள்வியாகிறது.

பொது நடைபாதைகளில் நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்ற பொதுவான சட்டக் கட்டாயம் இல்லை. அது கட்டுப்பாட்டில் இருந்தால் போதும். பாதையை விட்டு விலகியும் நடக்க உரிமையுள்ள மலை, புதர்வெளி போன்ற திறந்த நிலங்களில் விதி கடுமையானது. 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அங்கு மார்ச் 1 முதல் சூலை 31 வரை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் நாயைப் பிடித்திருக்க வேண்டும். வானம்பாடி முதலிய பறவைகள் தரையில் கூடு கட்டும் காலம் இது. கால்நடைகளுக்கு அருகில் ஆண்டு முழுவதும் இவ்விதி பொருந்தும்.

சினையுற்ற செம்மறியாடு, நாய் கடிக்காமல் துரத்தினாலே கருச்சிதைவு அடையக்கூடும். ஆடுகளைத் துரத்தும் நாயைத் தடுக்க வேறு வழியில்லாதபோது பண்ணையாளர் அதைச் சுட்டாலும், 1971 ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் அவரை இழப்பீட்டு வழக்கிலிருந்து காக்கிறது. 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு அவர் அறிவித்திருக்க வேண்டும்.

மாடுகள் விடயத்தில் அறிவுரை நேர்மாறானது. கன்றுடன் உள்ள பசு நாயைப் பகையாகக் கருதி நெருங்கினால், கயிற்றை விட்டுவிட வேண்டும். நாய் ஓடித் தப்பிவிடும்; அதைப் பிடித்திருக்கும் மனிதரே மிதிபட நேரிடும்.