பானட்டின் மேல் ஒரு திமில்: எஃகு உடலும் ஃபைபர் ஒட்டும்

இந்தியக் கார்களின் வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு எனப் பெயர்களும் ஆண்டுகளும் கிடைக்கின்றன. ஆலையை விட்டு வெளியேறிய பின் டிங்கரிங் பட்டறைகளில் அக்கார்கள் பெற்ற மறுவடிவங்களுக்கு அத்தகைய பதிவு இல்லை. எஃகு பானட்டை வெட்டி அதன்மேல் பொருத்தப்படும் ஃபைபர்கிளாஸ் 'ஸ்கூப்' அத்தகைய மறுவடிவங்களுள் ஒன்று. காளையின் திமில்போல் எழும் இப்புடைப்பை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இதன் அடிப்படை எளிய இயற்பியல். இயந்திர அறையின் காற்று 60 பாகை செல்சியசிலும் வெளிக்காற்று 35 பாகையிலும் இருப்பின், வெளிக்காற்று ஏறத்தாழ 8 விழுக்காடு அடர்த்தி மிக்கது. அடர்ந்த காற்றோடு கூடுதல் எரிபொருள் எரியும்; ஆற்றல் உயரும். ஆனால் ஸ்கூப்பின் வாய்க்கும் கார்புரேட்டருக்கும் இடையே காற்று கசியாத வழி அமையாவிடில், அது மழைநீர் புகும் துளை மட்டுமே. பானட்டின் புடைப்பு எல்லாம் காற்றுக்கானதும் அன்று. 1964-இல் ஃபோர்டு நிறுவனம் இழுவைப் பந்தயத்துக்கென உருவாக்கிய தண்டர்போல்ட் காரின் ஃபைபர்கிளாஸ் பானட் புடைத்திருந்தது பெரிய இயந்திரத்துக்கு இடம் தருவதற்காக. காற்றோ, உள்முகப்பு விளக்குகளை நீக்கிய துளைகள் வழியே வந்தது.

ஃபைபர்கிளாசின் ஈர்ப்பு எடைக்குறைவு மட்டுமன்று. எஃகுத் தகட்டை ஆலையில் அழுத்தி வடிக்க விலைமிக்க அச்சுகள் வேண்டும். கண்ணாடி இழைக்கும் பிசினுக்கும் ஓர் எளிய வார்ப்பும் தேர்ந்த கைகளும் போதும். சிறு முதலீட்டாளருக்குக் கார்த் தொழிலின் கதவைத் திறந்த பொருள் இது. பெங்களூரின் சிபானி குழுமம் 1970-களில் பாதல் என்னும் மூன்று சக்கரக் காரையும், 1982-இல் பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டனை ஒட்டிய டால்ஃபினையும் ஃபைபர்கிளாஸ் உடலோடு உருவாக்கியது. சந்தையில் பெரிதும் வெல்லாத டால்ஃபின், எடை குறைந்ததாலேயே பந்தயக்காரர்களின் விருப்பமாயிற்று. அதற்கு முன்பே, சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில், மாற்றியமைக்கப்பட்ட சாலைக் கார்கள் ஓடின.

இரு பொருள்களும் எளிதில் இணைவதில்லை. வெயிலில் ஃபைபர்கிளாஸ், எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கோ அதற்கு மேலோ விரியும். வெறும் பட்டி பூசி மறைத்த இணைப்பில் சில கோடைகளிலேயே மயிரிழை விரிசல் தெரியும். பாலியெஸ்டர் பிசின் எஃகை உறுதியாகப் பற்றாது, எபாக்சி பற்றும். வண்ணத்தை முற்றிலும் நீக்கி, இரு பரப்புகளையும் சொரசொரப்பாக்கி, வெட்டிய விளிம்புக்குத் துருத்தடுப்புப் பூசி, பானட்டின் அடிச்சட்டங்களைத் தொடாமல் பொருத்துவதே முறை. ஆகவே இணைப்பின் அடிப்பக்கத்தைக் காண்பவர் பிசின், ஆணி, துரு, வண்ண அடுக்கு ஆகியவற்றைக் கொண்டு வேலை நடந்த காலத்தை ஓரளவு உய்த்துணரலாம். கடன்சொல்லின் ஒலிவடிவம் அது புகுந்த காலத்தைக் காட்டுவது போன்றது இது.

சிக்கல் சட்டத்தில் எழுகிறது. உற்பத்தியாளரின் மூலக் குறிப்புக்கு முரணான மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2021 ஜூலையில் வந்த பழம்பெரும் வாகன விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, உடற்கூட்டிலும் அடிச்சட்டத்திலும் இயந்திரத்திலும் பெருமாற்றமின்றி மூலவடிவில் உள்ளவற்றுக்கே அத்தகுதியை அளிக்கின்றன. பன்னாட்டுப் பழங்கார்க் கூட்டமைப்பு ஏற்ற டூரின் சாசனமோ வேறுவிதமாகப் பார்க்கிறது: வாகனத்தின் பயன்பாட்டுக் காலத்தில் நேர்ந்த மாற்றங்களும் அதன் வரலாற்றுச் சான்றுகளே.

இவ்வேறுபாடு, மைசூரு விஜயநகரில் ஒரு பழைய ஃபியட்டைப் புதுப்பிக்க முனைபவரையும் தொடும். 1970-களில் பொருத்திய ஸ்கூப்பை அகற்றினால் தகுதி கிட்டலாம், சான்று அழியும். இன்று புதிதாக ஒன்றைப் பொருத்தினால் இல்லாத இறந்தகாலம் ஒன்று புனையப்படும். மூல பானட்டை வெட்டாமல் பேணி, ஸ்கூப்பை வேறொரு பானட்டில் பொருத்துவது இரண்டாவதற்குத் தீர்வு. முதலாவதற்கு விதியே மாற வேண்டும். 'மூலம்' என்பது ஆலை வாயிலோடு முடிந்துவிடுகிறது என்று கொண்டால், பெயர் பதியாத டிங்கர்களின் கைவேலை வரலாற்றில் எங்கே இடம்பெறும்?