பாட்காஸ்ட் தொடங்கலாமா? 1924-இல் கிடைத்த பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலக் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். இப்போது லாரி ஓட்டுகிறான். "சார், நீங்க ஒரு பாட்காஸ்ட் ஆரம்பிங்க சார். ராத்திரி வண்டி ஓட்டும்போது உங்க குரலைக் கேட்டா தூக்கம் வராது" என்றான். "என் வகுப்புல நீ தூங்கினதுதாம்ப்பா எனக்கு ஞாபகம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் போனை வைத்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

எனக்கு ஆசை உண்டு. பயமும் உண்டு. 68 வயதில் என் குரலை யார் கேட்பார்கள்? அதைவிடப் பெரிய பயம் வேறு. ஊரெல்லாம் சொல்லிவிட்டுத் தொடங்கி, பத்து வாரத்தில் நின்றுபோனால்? "வாத்தியார் ஆரம்பிச்சாரு, அப்புறம் ஆளையே காணோம்" என்று பேச்சு வருமே!

சரித்திர வாத்தியாருக்குச் சந்தேகம் வந்தால் வேறென்ன செய்வான்? பழைய கதையைத்தான் புரட்டினேன்.

பாட்காஸ்ட் என்ற சொல் 2004 பிப்ரவரியில் பிறந்தது. பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்டுக்கு இடம் கொடுத்தது. அதன்பின் அது வேகமாகப் பரவியது. ஆனால், 'பெரிய அமைப்பு எதுவும் வேண்டாம், நாமே ஒலிபரப்பிப் பார்ப்போம்' என்ற ஆசை அதற்கு எண்பது வருடம் மூத்தது. அந்த ஆசை நம் சென்னையிலும் இருந்தது.

1924 மே மாதம். இந்தியாவில் அரசாங்க வானொலி என்று ஒன்று கிடையாது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று, ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். அந்த வருடம் ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பும் ஆரம்பமானது. சின்ன டிரான்ஸ்மிட்டர். இன்று கையில் செல்போனை வைத்துக்கொண்டு நாம் யோசிப்பதை, அன்று அவர்கள் கம்பியும் வால்வுமாகச் செய்து பார்த்தார்கள்.

எத்தனை நாள் நடந்தது? 1927 அக்டோபர் வரை. மூன்று வருடமும் சில மாதங்களும்தான். பணம் இல்லை, மூடிவிட்டார்கள்.

சின்னவர்கள் என்பதால் தோற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். அதே 1927-இல் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்கள் திறந்தது. கம்பெனி, முதலீடு, அரசாங்க அனுமதி எல்லாம் இருந்தது. கேட்பவர்கள் கட்டும் லைசென்ஸ் பணத்தைத்தான் பெரிதும் நம்பினார்கள். லைசென்ஸ் வாங்கியவர்களோ நாடு முழுவதும் பத்தாயிரம் பேர்கூட இல்லை. 1930 மார்ச்சில் அந்தக் கம்பெனியும் கலைக்கப்பட்டது.

இதுவரை படித்தபோது என் பயம்தான் சரி என்று தோன்றியது. அடுத்து வந்த செய்தியில்தான் நின்றுவிட்டேன்.

கிளப்பை மூடியவர்கள் டிரான்ஸ்மிட்டரைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். அதைக் கொண்டு மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பு நடத்தியது. மாலையில் சங்கீதம். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம். ஆம், ரேடியோவில் பாடம்! வீட்டில் ரேடியோ இல்லாதவர்களும் கேட்கட்டும் என்று கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை இது நடந்தது.

யோசித்துப் பாருங்கள். கிளப் மூன்று வருடம் நடந்தது. அது விட்டுச்சென்றதைக் கொண்டு எட்டு வருடம் ஊருக்குப் பாட்டும் பாடமும் கிடைத்தன. நின்றுபோனது அவமானமே இல்லை. கையில் இருந்ததை அடுத்தவரிடம் ஒப்படைக்காமல் நின்றிருந்தால்தான் நஷ்டம்.

இதைப் படித்ததும் என் அண்ணன் நினைவு வந்தது. போன தை மாதம் தவறிவிட்டார். நம் ஊர்க் கண்மாய் உடைந்த வருடம், டூரிங் டாக்கீஸ் வந்த கதை, அப்பா கடன்பட்டு நிலம் மீட்ட கதை எல்லாம் அவருக்கு அத்துபடி. ஊருக்கெல்லாம் சரித்திரம் சொல்லிக்கொடுத்த நான் அவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்யவில்லை. இன்று அவர் குரல் என்று எங்களிடம் இருப்பது ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி. 11 விநாடி. "தம்பி, மாத்திரை வாங்கிட்டியா? மறந்துடாதே." அவ்வளவுதான். அண்ணி அதைத் தினமும் ஒரு தடவை கேட்கிறார்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். தொடங்குகிறேன்.

பன்னிரண்டு பகுதிகள் மட்டும். மாதம் ஒன்று, ஒரு வருடம். அத்தோடு நிறுத்தினாலும் யாரும் கேலி செய்ய வேண்டாம், இப்போதே சொல்லிவிட்டேன். அதில் நான் பேசுவது குறைவு. நம் தெருவின் பழைய மருத்துவச்சி ஆச்சி, ஓய்வுபெற்ற ரயில்வே கேட்கீப்பர், சந்தையில் நாற்பது வருடம் கடை போட்ட அக்கா, இவர்கள்தான் பேசுவார்கள். செல்போனில் பதிவு, வெட்டி ஒட்டுவது பேத்தி. ஆப் இல்லாதவர்களுக்கு வாட்ஸ்அப்பிலேயே அனுப்புவேன். அதுதான் நம் கடற்கரை ஒலிபெருக்கி. எல்லாப் பதிவுகளின் நகலும் பேத்தியிடமும் நம் ஊர் நூலகத்திலும் இருக்கும். நான் நிறுத்தும் இடத்தில் உங்களில் யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

பழைய வாத்தியார் என்ற உரிமையில் ஒரு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். போனில் பதிவை ஓடவிட்டு, "உங்க சின்ன வயசுல இந்தத் தெரு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

லாரி ஓட்டும் என் மாணவனுக்கு: தம்பி, முதல் பகுதி ஜூலை 31-ஆம் தேதி வருகிறது. ஏன் அந்தத் தேதி என்று கேட்பேன், பதில் தெரிந்திருக்க வேண்டும். இந்த முறையாவது தூங்காமல் கேள்.