வண்டியூரில் ஓர் இரவு

மதுரைக்குக் கிழக்கே, வைகைக் கரையில் உள்ளது வண்டியூர். முன்னாளில் தனிச் சிற்றூராக இருந்தது. இன்று மாநகரோடு கலந்துவிட்டது. வெளியூரார் அப்பெயரைக் கேட்டதும், திருமலை நாயக்கர் வெட்டிய தெப்பக்குளத்தை நினைப்பார்கள். எனக்கோ அங்கே கழித்த ஒரு சித்திரை இரவுதான் நினைவுக்கு வரும். வரலாற்றுச் சான்று கல்லிலும் செம்பிலும் மட்டும் இருப்பதன்று. மக்கள் குரலிலும் இருக்கிறது என்பதை நான் கற்ற இரவு அது.

அன்று சித்திரை முழுமதி நாள். காலையில் அழகர் பொற்குதிரைமேல் அமர்ந்து வைகையில் இறங்கினார். தோற்பையில் நீர் நிறைத்து அடியவர்கள் பீய்ச்ச, இராமராயர் மண்டபத்தில் வெப்பம் தணிந்தார். இரவில் வண்டியூர் சேர்ந்து வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்குவது அவருடைய வழக்கம்.

நான் அப்போது கல்லூரியில் வரலாறு பயின்றுகொண்டிருந்தேன். நண்பர் ஒருவருடன் திருவிழாப் பார்க்கப் போனேன். நிலவொளியில் ஆற்று மணல் முழுவதும் குடும்பம் குடும்பமாக மக்கள் அமர்ந்திருந்தார்கள். ஒருபால் கட்டுச்சோற்று மூட்டைகள் அவிழ்ந்தன. ஒருபால் குழந்தைகள் உறங்கின. ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு முழங்கியது. அந்த ஆரவாரத்துக்கு அப்பால், ஓர் அரிக்கேன் விளக்கைச் சுற்றி ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். நடுவில் ஒரு முதியவர் வலக்கையைக் காதோடு அணைத்துக்கொண்டு பாடினார். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. ஒரு பகுதி முடியும்போதெல்லாம் கேட்போர் ‘கோவிந்தா’ என்று குரல் கொடுத்தார்கள்.

அவர் பாடியது அழகர் வர்ணிப்பு. மதுரை வட்டாரத்து மக்கள் பாடும் கதைப்பாட்டு வகை அது. அழகர் மலையினின்று புறப்படுவதும், பதினெட்டாம்படிக் கருப்பரிடம் விடைபெறுவதும், கள்ளர் கோலம் பூண்டு வருவதும், வழிநெடுகத் தங்கும் மண்டபங்களும் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மலிவு விலைச் சிறு நூல்களாக இவ்வர்ணிப்புகள் அச்சாகித் திருவிழாக்களில் விற்றதுண்டு. ஆயினும் அவை வாழ்வது தாளில் அன்று, நாவில்தான்.

பாட்டின் கதை தமிழ்நாடு அறிந்ததே. தங்கை மீனாட்சியின் திருமணத்துக்குச் சீர்வரிசையோடு அண்ணன் அழகர் வருகிறார். ஆற்றை நெருங்கும்போதே திருமணம் முடிந்த செய்தி கிடைக்கிறது. சினந்த அண்ணன் ஊருக்குள் புகாமல் வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். இக்கதையைக் கேட்டு நான் நகைத்தேன். பெரியவர் அதைக் கவனித்துவிட்டார். பாட்டு ஓய்ந்ததும், “எதுக்குத் தம்பி சிரிச்சீக?” என்று கேட்டார்.

படிப்பின் செருக்கு என்னிடம் நிறைய இருந்தது. “தல புராணத்தில் இந்தக் கதை இல்லையே, ஐயா! துருவாசரின் சாபத்தால் தவளையான முனிவருக்கு விடுதலை தரத்தானே அழகர் வருகிறார்?” என்றேன்.

“அதுவும் நாளைக்கித் தேனூர் மண்டபத்துல நடக்கும் தம்பி. ஆனா இம்புட்டுச் சனம் புள்ளகுட்டியத் தூக்கிக்கிட்டுத் தவளைக்காகவா வருது? தங்கச்சி கல்யாணம்னுதேன் வருது,” என்றார் அவர்.

கூட்டம் சிரித்தது. எனக்கு மறுமொழி தோன்றவில்லை. பின்னர்ப் பல ஆண்டுகள் கழித்துத்தான், அந்த விடையில் எவ்வளவு வரலாறு அடங்கியிருந்தது என்பதை உணர்ந்தேன்.

மாணவர்களே, அதைச் சற்று விளக்குகிறேன். நாம் ஒரே விழாவாகக் கருதும் சித்திரைத் திருவிழா, உண்மையில் இரண்டு கோயில்களின் இரண்டு விழாக்கள். மீனாட்சியம்மன் கோயில் திருமணம் முற்காலத்தில் மாசி மாதத்தில் நடந்தது என்பது மதுரை மரபு. அழகர் விழாவோ சோழவந்தானை அடுத்த தேனூரில் நடந்தது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் இவை சித்திரையில், மதுரையில் அருகருகே அமைக்கப்பட்டன என்பர். பழைய நிலையின் சுவடு இன்னும் மறையவில்லை. சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதிகளில் அன்று; மாசி வீதிகளில்தான். தவளை முனிவர் விடுதலை பெறும் மண்டபம் வண்டியூர்ப் பக்கம் வைகையில் இருக்கிறது; அதன் பெயரோ தேனூர் மண்டபம். மாதம் மாறியும் தெருப்பெயர் மாறவில்லை. இடம் மாறியும் மண்டபப் பெயர் மாறவில்லை.

அரசர் இரு விழாக்களையும் அருகில் கொண்டுவந்தார். ஆனால் அருகில் இருப்பதும் ஒன்றாக இணைவதும் வேறு வேறு. திருக்கல்யாணம் ஒரு நாள், மறுநாள் தேர், அதற்கும் அடுத்த நாள்தான் அழகர் ஆற்றில் இறங்குகிறார். மேலும் ஒரு சிக்கல் உண்டு. மீனாட்சியைத் தாரைவார்த்துக் கொடுக்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் முன்னரே வந்துவிடுகிறார். கோயில் முறைப்படி, அழகர் வராவிட்டாலும் திருமணத்துக்குக் குறைவில்லை. இந்த இடைவெளியை நிரப்பியது மக்கள் கற்பனை. பிந்தி வந்த அண்ணன், காத்திராத சுற்றம், வாசலோடு திரும்பிய சினம் ஆகிய மூன்றும் நம் ஊர்த் திருமண வீடுகளில் நாம் காண்பவையே அல்லவா? தங்கள் வீட்டு நிகழ்ச்சியைத் தெய்வத்தின் வீட்டிலும் கண்டு, சைவத்தையும் வைணவத்தையும் மக்கள் உறவுமுறையால் பிணைத்தார்கள். ஆணையால் நெருங்கிய இரு விழாக்கள், கதையாலும் பாட்டாலும் ஒன்றாயின.

அன்றிரவு இன்னொன்றும் கேட்டேன். வண்டியூரில் அழகர் தங்குவது துலுக்க நாச்சியார் வீட்டில் என்பது மக்கள் வழக்கு. 1311ஆம் ஆண்டில் மாலிக்காபூர் படையெடுப்பைக் கண்ட நகரம் மதுரை. அந்நூற்றாண்டிலேயே சுல்தான்களின் ஆட்சியையும் அறிந்தது. அத்தகைய நகரின் மக்கள், பெருமாளுக்குத் துலுக்க நாச்சியாரை உரிமையாக்கியிருக்கிறார்கள். திருவரங்கத்திலும் இத்தகைய நாச்சியார் உண்டு. பகையின் நினைவை உறவாக மாற்றிக்கொண்ட பெருமனம் இது என்றே நான் கருதுகிறேன்.

இதனால் பாட்டில் வருவதெல்லாம் நடந்தவை என்று கொள்ளலாகாது. ஒரு நிகழ்ச்சி எந்த ஆண்டில் நடந்தது என்பதற்குக் கல்வெட்டையே நாடவேண்டும். அந்நிகழ்ச்சியை மக்கள் எவ்வாறு தமதாக்கிக்கொண்டார்கள் என்பதற்குப் பாட்டை நாடவேண்டும். இதை உணர்ந்த அறிஞர்கள் பலர். 1916 முதல் 1918 வரை செசில் ஷார்ப் என்னும் ஆங்கிலேயர் அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைகளில் அலைந்து, குடியேறியோர் நாவில் வாழ்ந்த பழம்பாட்டுகளைத் திரட்டினார். நம் நாட்டில் பெர்சி மாக்வீன் திரட்டியவற்றைக் கி. வா. ஜகந்நாதன் ‘மலையருவி’ என்னும் நூலாகப் பதிப்பித்தார். நா. வானமாமலை நாட்டுப்பாடல்களைத் தொகுத்து ஆராய்ந்தார். தொ. பரமசிவன் 1989இல் வெளிவந்த ‘அழகர் கோயில்’ ஆய்வில், வர்ணிப்புகளையும் மக்கள் கதைகளையும் சான்றாகவே கொண்டார்.

நான் செய்யத் தவறியதும் அதுவே. விடியும்வரை அந்தப் பெரியவர் பாடினார். திரைப்பாட்டின் ஓசை மிகுந்தபோது கூட்டம் கலையவில்லை. இன்னும் நெருங்கி அமர்ந்தது. கீழ்வானம் வெளுத்ததும் துண்டை உதறித் தோளில் இட்டு எழுந்தார். “எனக்குப் பின்னால பாட வீட்டுல ஆளில்ல தம்பி,” என்று மட்டும் சொன்னார். என் சட்டைப்பையில் எழுதுகோலும் குறிப்பேடும் இருந்தன. ஓர் அடியையும் நான் எழுதிக்கொள்ளவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மறு ஆண்டு அதே மணலில் தேடினேன்; அவரைக் காணவில்லை.

உங்கள் ஊரிலும் இத்தகைய ஒரு குரல் இருக்கும். அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது அதன் அருகே சென்று அமருங்கள். முதலில் பாடுபவரின் பெயரைக் கேளுங்கள். பிறகு பாட்டை எழுதிக்கொள்ளுங்கள். நான் விட்ட பிழையை நீங்கள் விடாதிருந்தால், அந்த முதியவருக்கு நான் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.