மூளைக்குக் கணக்கு எழுதியவர்கள்

நான் கல்லூரிப் படி ஏறாதவன். சிக்பேட்டையிலே நாற்பது வருஷம் பித்தளைப் பாத்திரம் விற்றவன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுப்பதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தேன். தொல்காப்பிய மரபியலும் அப்படித்தான் வகுக்கிறது. அங்கே ஆறாவது அறிவு மனம். அந்த மனத்தைக் கணக்கில் அடக்கப் பார்த்த வரலாற்றில் நம் பெங்களூருக்கும் பங்கு உண்டு.

1943இல் அமெரிக்காவில் மெக்கல்லக், பிட்ஸ் இருவரும் நரம்பணுவை 'உண்டு, இல்லை' என்ற கணக்காக எழுதினார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அது ஒரு வேர். 1952இல் இங்கிலாந்தில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பிழையில் மின்துடிப்பு ஓடும் விதத்தைச் சமன்பாடாக்கினார்கள். கையால் சுழற்றும் கணக்குப்பொறியிலே விடை கண்டார்கள்! 1963இல் நோபல் பரிசும் வந்தது. உயிருள்ள நரம்பணுவைக் கணிப்பொறியில் போலச் செய்வது இந்த வழியில் வளர்ந்தது.

இவ்வழியில் இங்கே உழைத்தவர் உபீந்தர் பல்லா. அமெரிக்காவில் 'ஜெனிசிஸ்' என்ற நரம்பு மாதிரி மென்பொருளில் பங்குகொண்டு, பின் பல்லாரி சாலையிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கு வந்தார். 1999இல் ரவி ஐயங்காருடன் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். மூலக்கூறுகள் ஒன்றையொன்று தூண்டும் வளையத்தைக் கணிப்பொறியில் ஓட்டியபோது, சிறுநேரச் சைகை நின்ற பிறகும் அதன் விளைவு நிலைத்தது. நம் கடைக் கணக்கு மாதிரிதான்: பழைய பேரேடு செல்லரித்தாலும், பாக்கியைப் புதுப் பேரேட்டில் ஏற்றிவிட்டால் கணக்கு நிற்கும். நினைவு தங்குவதற்கு இது ஒரு விளக்கம்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அண்ணன். வாடிக்கையாளர் நூறு பேரின் பாக்கியை வாயாலே ஒப்பிப்பவர், கடைசி மூன்று வருஷம் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். புதுப் பேரேட்டில் ஏற்றுவது எங்கே நின்றுபோனது? எனக்கு விடை கிடைக்கவில்லை.

தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2014இல் இந்திய அறிவியல் கழகத்தில் தோன்றிய மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் கிராமங்களில் 45 வயதைத் தாண்டியோரைத் தொடர்ந்து ஆராய்கிறது. சென்னை ஐ.ஐ.டி. மூளை மையம் 2024இல் கருவிலுள்ள சிசு மூளையின் 5,132 வெட்டுப் படங்களை முப்பரிமாணத்தில் வெளியிட்டது. இத்தனை படங்களையும் பொருத்திப் படிக்கக் கணிப்பொறி இல்லாமல் முடியாது.

பொறியியல் படித்துக் கணிப்பொறி முன்னே உட்காரும் நம் சங்கத்துப் பிள்ளைகளே, உங்களில் இரண்டு பேராவது இந்தப் பக்கம் வாருங்கள். என் அண்ணனுக்குக் காலம் கடந்துவிட்டது. அடுத்த வீட்டு அண்ணனுக்காவது உதவட்டும்.