கணினி நினைவகப் பொருத்தப்பாடு: வாவிக்கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவி தன்னைச் சூழ்ந்த நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பகுக்கின்றது. இது வெறும் நிலவியற் பகுப்பன்று. நகரமும் அரச அலுவலகங்களும் வணிகமும் எழுவான்கரையிலே திரள, நெல்விளையும் படுவான்கரை நீண்டகாலம் வசதி குன்றிய பகுதியாகவே இருந்து வந்தது. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் அத்துறையைப் படகுப்பாதையிலேயே கடந்தனர். 2004இன் ஆழிப்பேரலையும், கிழக்கில் 2007 வரை நீடித்த போரும் இப்பிரதேச மக்களின் சேமிப்பைக் கரைத்தன. இத்தகைய சூழலிற் பல வீடுகளுக்குக் கணினி பாவித்த பொருளாகவே வந்து சேர்கின்றது. அதன் வேகம் குன்றும்போது, புதியதொன்றை வாங்க இயலாதார் மேற்கொள்ளும் முதன் முயற்சி நினைவகத்தைக் கூட்டுவதாகும்.

கடைத்தெருவில் ‘றாம்’ என வழங்கும் அச்சிறு பலகையே எமது ஆய்வுப்பொருள். எந்த நினைவகம் எந்தத் தாய்ப்பலகைக்கும் செயலிக்கும் பொருந்தும் என்ற வினாவைக் கடைக்காரரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடுவதே வழக்கம். ஆயின், அஃது அடிப்படையில் ஒரு வரலாற்று வினா என்பதே எமது கருத்து. பொருத்தமும் பொருத்தமின்மையும் பௌதிக விதிகளால் மட்டும் அமைந்தவையல்ல. உற்பத்தியாளரிடையே நிகழ்ந்த உடன்பாடுகளும் முரண்பாடுகளும் அவற்றிற் பதிந்துள்ளன.

1. நினைவகம் தனிப்பண்டமாதல்

1960களிற் கணினிகளின் முதன்மை நினைவகம் பெரும்பாலும் நுண்ணிய காந்த வளையங்களைக் கம்பிகளிற் கோத்து அமைக்கப்பட்டது. 1966இல் ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளரான றொபேட் டெனாட், ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியும் கொண்டு ஒரு பிற் தகவலைத் தேக்கும் வழியைக் கண்டார். 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. கொள்ளளவியிலுள்ள ஏற்றம் கசிந்துவிடும் இயல்பினது. எனவே அதனை இடையறாது புதுப்பித்தல் வேண்டும். இந்த எளிய அமைப்பே இன்றைய கணினி நினைவகத்தின் அடித்தளம். 1970இல் இன்ரெல் நிறுவனம் 1024 பிற் கொள்ளும் 1103 என்ற சில்லை விற்பனைக்குக் கொணர்ந்தது.

தொடக்கத்தில் நினைவகச் சில்லுகள் தாய்ப்பலகையில் ஒவ்வொன்றாகவே பொருத்தப்பட்டன. 1983இல் வாங் ஆய்வுகூட நிறுவனம் பல சில்லுகளை ஒரு சிறு பலகையில் ஒருங்கமைத்து, வேண்டும்போது செருகவும் கழற்றவும் வழிசெய்தது. இம்மாற்றத்தின் சமூகப் பொருள் பெரிது. நினைவகத்தைச் செய்பவர் ஒருவர். தாய்ப்பலகையைச் செய்பவர் இன்னொருவர். செயலியைச் செய்பவர் வேறொருவர். ஒருவரையொருவர் அறியாதார் செய்த பொருள்கள் ஒன்றோடொன்று இயைந்து தொழிற்பட வேண்டுமாயின் பொது விதியொன்று வேண்டும். 1958இல் உருவான ஜெடெக் என்ற தொழிற்றுறை அமைப்பு அவ்விதிகளை வகுக்கும் களமாயிற்று. பாவனையாளருக்கு அக்களத்தில் இடமில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. வெட்டுக் கூறும் வரலாறு

2000ஆம் ஆண்டில் வெளியான டி.டி.ஆர். நியமம் 184 தொடுமுனைகளையும் 2.5 வோல்ற்று மின்னழுத்தத்தையும் விதித்தது. 2003இல் வந்த இரண்டாந் தலைமுறை 240 தொடுமுனைகளும் 1.8 வோல்ற்றும் உடையது. 2007இன் மூன்றாந் தலைமுறைக்கு அதே 240 தொடுமுனைகள், மின்னழுத்தமோ 1.5 வோல்ற்று. 2012இன் நான்காவது 288 தொடுமுனைகளும் 1.2 வோல்ற்றும் கொண்டது. 2020இன் ஐந்தாவதுக்கும் 288 தொடுமுனைகளே, மின்னழுத்தம் 1.1 வோல்ற்று.

தொடுமுனைகளின் தொகை ஒத்திருப்பினும், பலகையின் விளிம்பிலுள்ள வெட்டுத் தலைமுறைதோறும் இடம் மாறியிருத்தலைக் காணலாம். ஒரு தலைமுறைக்குரியதை மற்றொன்றின் செருகிடத்தில் இட்டு மின்னேற்றிச் சேதம் விளைவியாதிருக்கவே இவ்வேற்பாடு. மின்னழுத்தம் குறைவதால் மின்செலவும் வெப்பமும் குறைகின்றன. ஆதலால் தலைமுறை மாற்றம் முழுவதையும் வணிகச் சூழ்ச்சியென ஒதுக்குவது பிழை.

எனினும் வணிகத்தின் பங்கை மறைத்தலும் உண்மையாகாது. 1996இல் இன்ரெல் நிறுவனம் றாம்பஸ் நிறுவனத்தோடு உடன்பாடு செய்து, அதன் தனியுரிமை நினைவகத்தையே எதிர்கால நியமமாக்க முனைந்தது. விலை மிகுந்த அந்நினைவகம் சந்தையில் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளுள் அம்முயற்சி கைவிடப்பட, அதனை நம்பி வாங்கியோர் விரிவாக்க வழி அருகிய கணினிகளோடு நின்றனர். மேலும், நினைவகத்தின் விலையைக் கூடிப்பேசி நிர்ணயித்தமைக்காக அமெரிக்காவில் 2004இல் இன்பினியன் நிறுவனம் 16 கோடி டொலரும், 2005இல் ஹைனிக்ஸ் 18.5 கோடி டொலரும் சம்சுங் 30 கோடி டொலரும் தண்டம் செலுத்த இணங்கின. நியமம் பொதுவாயினும் அதன்வழி உற்பத்தியாகும் பண்டம் ஒருசிலர் கையிலேயே இருந்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

3. கட்டுப்பாடு இடம்பெயர்தல்

நினைவகத்தை ஆளும் கட்டுப்படுத்தி முன்னர்த் தாய்ப்பலகையிலுள்ள தனிச் சில்லொன்றில் இருந்தது. 2003இல் ஏ.எம்.டி. நிறுவனமும், 2008இல் இன்ரெல் நிறுவனமும் அதனைச் செயலிக்குள்ளேயே கொணர்ந்தன. அன்றுதொட்டுத் தாய்ப்பலகையை மட்டும் பார்த்து நினைவகம் தெரிவது போதாதாயிற்று. எடுத்துக்காட்டாக, 2021இல் வெளிவந்த இன்ரெல் பன்னிரண்டாந் தலைமுறைச் செயலிகள் நான்காவது, ஐந்தாவது ஆகிய இருவகை நினைவகத்தையும் ஏற்கும். ஆனால் எவ்வகையைச் செருகலாம் என்பதைத் தாய்ப்பலகையே தீர்மானிக்கும். 2022இல் வந்த ஏ.எம்.டி. ஏ.எம்.5 அமைப்போ ஐந்தாவதை மட்டுமே ஏற்கும்.

வெட்டுப் பொருந்தியும் தொழிற்படாத வகைகளும் உள. ‘ஏ.எம்.டி.க்கு மட்டும்’ எனக் குறிக்கப்பட்டு மலிவாக விற்கப்படும் மூன்றாந் தலைமுறை நினைவகங்களின் சில்லமைப்பை அக்காலத்து இன்ரெல் கணினிகள் பலவற்றின் கட்டுப்படுத்தி அறியாது. வழங்கிக் கணினிகளிலிருந்து கழற்றப்பட்ட நான்காந் தலைமுறைப் பதிவக நினைவகம் சாதாரண மேசைக்கணினியின் செருகிடத்தில் அமர்ந்துவிடும், கணினியோ இயங்காது. மலிவு என்பதாற் கவரப்படும் ஏழைப் பாவனையாளரே இவ்விரண்டினாலும் இழப்புக்குள்ளாகின்றனர்.

4. வாவிக்கரையில் இதன் பொருள்

2022இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்குச் சில மாதங்களில் உயர்ந்தது. 2025இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்களின் பெருந்தேவையால் உலகெங்கும் நினைவகத்தின் விலை ஏறியது. மைக்ரோன் நிறுவனம் தனது குரூசியல் என்ற சில்லறை வணிகத்தைக் கைவிடுவதாக அவ்வாண்டு டிசெம்பரில் அறிவித்தது. தொலைதேசத்து முதலீட்டு முடிவொன்று மண்டூரில் உள்ள மாணவி ஒருத்தியின் கணினிக்குள் வந்து நுழைகின்றது. கொழும்பிலிருந்து தருவித்த பொருள் பொருந்தாதெனில் அதனைத் திருப்பி அனுப்பும் செலவும் அவளுடையதே.

ஆகவே தெரிவு முறையாக நிகழ்தல் வேண்டும். முதலில் தாய்ப்பலகையிற் பொறிக்கப்பட்டுள்ள மாதிரிப் பெயரையும் செயலியின் பெயரையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவற்றைக் கொண்டு நினைவகத் தலைமுறையையும், ஏற்கத்தக்க உச்சக் கொள்ளளவையும் உற்பத்தியாளரின் பட்டியலில் உறுதிசெய்யலாம். 32 பிற் இயக்க முறைமை பொதுவாக 4 கிகாபைற்றுக்கு மேல் பயன்கொள்ளாது என்பதும் கருதத்தக்கது. ஏற்கெனவேயுள்ள நினைவகத்தோடு ஒத்த கொள்ளளவும் வேகமும் உடையதைச் சேர்த்து, உரிய செருகிடங்களில் இட்டால் இரு தடங்களும் ஒருங்கே பயன்படும். வேகம் வேறுபடின் இரண்டும் குறைந்த வேகத்திலேயே இயங்கும்; ஆதலின் மிகைவேகத்துக்குப் பணம் கொடுத்தல் வீண்.

இவ்வறிவு தமிழிற் கிடைத்தல் இன்றியமையாதது. பழைய மட்டக்களப்பு மாவட்டத்துக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930களிலேயே சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றார். 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் பல்கலைக்கழகமான வந்தாறுமூலை உயர்கல்வி நிலையமும் இம்மண்ணில் உள்ளது. பாவனையிலுள்ள தாய்ப்பலகைகளையும் அவை ஏற்கும் நினைவகங்களையும் தமிழிற் பட்டியற்படுத்திப் பாடசாலைகளுக்கு வழங்குதல் எம்போன்ற சங்கங்களுக்கு இயலாத பணியன்று. நியமங்களை வகுக்கும் அவையில் எமக்கு இடமில்லை. ஆனால் அந்நியமங்களைப் படித்தறிந்து, எமது மக்களின் பணம் வீணாகாமற் காக்கும் பொறுப்பு எமக்குண்டு.