காற்றுக்கு ஒரு லைசென்ஸ்

துப்பாக்கி வைத்திருந்தால் லைசென்ஸ் கேட்பார்கள், சரி. ரேடியோ வைத்திருந்தால்? அதற்கும் கேட்டார்கள்! தபாலாபீஸில் பணம் கட்டி, பாஸ்புக் மாதிரி ஒரு சின்னப் புத்தகம் வாங்கி, வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இன்று அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் புத்தகம் நன்றாகவே ஞாபகம் இருக்கும்.

பாட்டுக் கேட்கிற பெட்டிக்கு எதற்கு லைசென்ஸ்?

1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தில் ஆரம்பிக்கிறது கதை. தந்தி அனுப்பும் உரிமை சர்க்காருக்கு மட்டுமே, மற்றவர்கள் அனுமதி வாங்க வேண்டும் என்றது அது. அப்போது ரேடியோ என்ற ஒன்றே கிடையாது. பிற்பாடு கம்பியில்லாத் தந்தி வந்தபோது, அதையும் இதே சட்டத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

இந்த விஷயத்தில் மெட்ராஸ் முந்திக்கொண்டது. சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவர் சில ஆர்வலர்களைச் சேர்த்துக்கொண்டு 1924-ல் ‘மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்’ தொடங்கினார். ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பும் ஆரம்பமாகிவிட்டது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 40 வாட். இன்று ஒரு பல்புக்கு ஆகிற சங்கதி! ஆசை இருந்த அளவுக்குக் கையில் காசு இல்லை. 1927-ல் கிளப் மூடப்பட்டது. டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போனது. மாநகராட்சி 1930 ஏப்ரலில் ஒலிபரப்பைத் தொடங்கி, பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்து ஊரையே கேட்க வைத்தது. கேட்டவர்களில் எத்தனை பேர் லைசென்ஸ் எடுத்திருப்பார்கள்? கடற்கரைக் காற்றோடு சேர்த்து இதுவும் இலவசம்தான்!

கிளப் மூடிய அதே 1927-ல், ஜூலை 23 அன்று பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் நிலையத்தை வைஸ்ராய் இர்வின் திறந்து வைத்தார். அடுத்த மாதமே கல்கத்தா. இது தனியார் கம்பெனி. வருமானத்துக்கு சர்க்கார் காட்டிய வழி லைசென்ஸ் கட்டணம். வருஷத்துக்குப் பத்து ரூபாய், அதில் 80 சதவிகிதம் கம்பெனிக்கு.

நான் படித்தது பி.காம். பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. 1929 கடைசியில் நாடு முழுக்க இருந்த லைசென்ஸ்கள் 7,775. கம்பெனியின் பங்கு ஒவ்வொன்றுக்கும் எட்டு ரூபாய். ஆக, வருஷத்துக்கு 62,200 ரூபாய். இரண்டு நிலையங்களைக் கட்டவே நாலரை லட்சம் போயிருந்தது. கலைஞர்கள் சம்பளம், கரன்ட், வாடகையெல்லாம் தனி. சேல்ஸ்மேனைக் கேட்டால்கூட ‘இது தேறாது சார்’ என்றிருப்பான். 1930 மார்ச்சில் கம்பெனி திவால்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கேட்டவர்கள் அதைவிட அதிகம். உதிரி பாகங்களை வாங்கி வீட்டிலேயே செட் செய்துகொண்டவர்கள் லைசென்ஸ் பக்கமே போகவில்லை. பழைய தந்திச் சட்டப்படி, ரேடியோவை இயக்கினால்தான் குற்றம், வைத்திருப்பது குற்றமில்லை. இயக்கியதை யார் நிரூபிப்பது? அதிகாரி வாசலுக்கு வருவதற்குள் குமிழைத் திருகினால் போதும், பெட்டி வெறும் மரச்சாமான் ஆகிவிடும்!

1930 ஏப்ரலில் சர்க்காரே நிலையங்களை எடுத்துக்கொண்டது. மறுவருஷம் அக்டோபரில் செலவைக் காரணம் காட்டி மூட உத்தரவிட்டது. எதிர்ப்புக் கிளம்பவே நவம்பரில் மனசு மாறியது. 1932-ல் ரேடியோ செட்டுக்கான இறக்குமதி வரி இரட்டிப்பாகி 50 சதவிகிதத்தைத் தொட்டது. செலவு யார் தலையில் விழுந்தது, பார்த்தீர்களா?

பிறகு வந்ததுதான் 1933-ம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் கருவி வைத்திருந்தாலே குற்றம். முதல் தடவை 100 ரூபாய் வரை அபராதம், மறுபடி மாட்டினால் 250 வரை. பத்து ரூபாய் லைசென்ஸுக்கு இது எத்தனை மடங்கு! பலன் உடனே தெரிந்தது. 1932 கடைசியில் 8,557 ஆக இருந்த லைசென்ஸ்கள் 1934 கடைசியில் 16,179. எல்லாமே அபராதப் பயத்தால் அல்ல, பி.பி.சி. வெளிநாட்டு ஒலிபரப்பைத் தொடங்கியதும் செட் வாங்கியவர்கள் பெருகியிருந்தார்கள்.

இந்தச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கானது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமை, பிரிட்டிஷார் ஆட்சி. இந்தப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சி. சரக்கு வண்டிகளை நிறுத்திச் சோதிக்கச் சுங்கச் சவுக்கை இருந்த ஊர் அது. புகையிலைக்குத் தீர்வை கட்டியாக வேண்டும். ரேடியோ அலைக்கு? மெட்ராஸ் நிலையம் 1938 ஜூன் 16-ல் ஆரம்பமானது. அடுத்த வருஷம் மே மாதம் திருச்சி. ராத்திரியில் மீடியம் வேவ் வெகுதூரம் போகும். ஆரல்வாய்மொழிக் காற்றைப் போலவே அதுவும் கணவாயில் யாரிடமும் சீட்டுக் காட்டவில்லை. திருவிதாங்கூர் தன் சொந்த நிலையத்தைத் திருவனந்தபுரத்தில் திறந்தது 1943 மார்ச்சில்தான். 1950 ஏப்ரலில் அது அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது. நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர இன்னும் ஆறு வருஷம் ஆனது. ஜனங்களுக்கு முன்னால் ரேடியோ இணைந்துவிட்டது!

வெள்ளைக்காரன் போனான், லைசென்ஸ் போகவில்லை. சந்தேகப்பட அவனுக்காவது காரணம் இருந்தது. 1942-ல் உஷா மேத்தாவும் நண்பர்களும் பம்பாயில் ரகசியமாக காங்கிரஸ் ரேடியோ நடத்தி மாட்டிக்கொண்டார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். சுதந்திர இந்தியாவில் விவித்பாரதி கேட்கிற குடும்பத்தின் மேல் என்ன சந்தேகம்? கட்டணம் வந்துகொண்டிருந்தது, விட மனசில்லை... அவ்வளவுதான். 1985-ல்தான் ரேடியோ லைசென்ஸ் ஒழிந்தது.

ஒலிபரப்புகிறவர்கள் மேல் இருந்த பிடி அப்போதும் தளரவில்லை. 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், வான் அலைகள் பொதுச் சொத்து, சர்க்காரின் தனிச் சொத்து அல்ல என்று சொன்னது. அதன் பிறகு வந்த தனியார் எஃப்.எம். நிலையங்களுக்குப் பாட்டுப் போட அனுமதி கிடைத்தது. சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி கிடைக்கவில்லை. 1885 சட்டத்துக்கும் 1933 சட்டத்துக்கும் மாற்றாகப் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2023 டிசம்பரில்!

நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30-ல் நாகர்கோவிலில் தொடங்கியது. ஆரல்வாய்மொழியிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். லைசென்ஸ் ஒழிய அப்போது இன்னும் சில மாதங்கள் பாக்கி. ஆக, தங்கள் ஊர்ச் சேதியைத் தங்கள் ஊர் நிலையத்தில் முதல்முதலாகக் கேட்டவர்களும் அதற்கு முன்னால் தபாலாபீஸ் கவுன்ட்டரில் பணம் கட்டியிருக்க வேண்டும்.